செயற்கை மூட்டு

இடுப்பு மூட்டு, கிண்ணத்துள் சுழலும் பந்தினை ஒத்தது. அதனைப் போர்த்திருக்கும் குருத்தெலும்பு தேய்ந்துவிடின், எலும்போடு எலும்பு உரசும், நடத்தலும் அரிதாகும். இத்துயரினைத் தீர்க்க முனைந்தவர் இங்கிலாந்து நாட்டு அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி ஆவார். அவர் ரைட்டிங்டன் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு உலோகப் பந்தினையும் டெஃப்லான் கிண்ணத்தையும் பொருத்தினார். வலி நீங்கியது. ஆயினும், சில ஆண்டுகளில் டெஃப்லான் தேய்ந்தது. அதன் துகள்கள் சுற்றியுள்ள திசுக்களைத் தாக்கின. சார்ன்லி சோர்ந்தாரல்லர். 1962ஆம் ஆண்டில், எளிதில் தேயாத பாலிஎத்திலீன் கிண்ணத்தைப் பொருத்தி வெற்றி கண்டார். பழைய பொருளின் தீங்கினை ஐயமற அறியத் தம் தொடையிலேயே அதன் துகள்களைச் செலுத்திச் சோதித்தார். இன்று முழங்கால் மூட்டும் மாற்றப்படுகின்றது. எந்திரக் கரமும் மருத்துவருக்குத் துணைபுரிகின்றது. எனினும், செயற்கை மூட்டும் நாளடைவில் தேய்வதே. ஆதலின், மிகை எடையைத் தவிர்த்து, நாள்தோறும் நடந்து, இயற்கை அளித்த மூட்டினைப் பேணுதல் நம் கடனாகும்.