இழுத்தால் வராது, காத்திருந்தால் வரும்

2006 ஜூலை 10, இரவு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் விமான நிலையத்துக்குப் போகும் சுரங்கச் சாலை. ஓடிக்கொண்டிருந்த ஒரு காரின் மேல் உட்கூரைப் பலகைகள் விழுந்தன. கான்கிரீட்டும் இரும்புமாகச் சுமார் 26 டன். காரில் இருந்த பெண் இறந்துபோனார். ஓட்டி வந்த கணவர் பிழைத்தார்.

கான்கிரீட் நொறுங்கவில்லை, இரும்பு அறுபடவில்லை. மேற்கூரையில் துளை போட்டு, எபாக்சிப் பசை நிரப்பிச் செருகிய போல்ட்டுகள் துளையைவிட்டு நழுவி வந்திருந்தன. பொருத்திய காலத்தில் இழுத்துப் பார்த்துத் 'தேறியது' என்று எழுதப்பட்ட போல்ட்டுகள் அவை!

அந்த இழுவைச் சோதனையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் தவறு எங்கே என்று சட்டெனப் பிடிபடாது. போல்ட்டைச் சுற்றிக் கால்கள் ஊன்றிய ஒரு சிறு சட்டம். அதன் மேல் ஹைட்ராலிக் ஜாக்கி. ஒருவர் கையால் பம்ப் அடிக்க, கேஜில் முள் ஏறும். போல்ட் எவ்வளவு நகர்ந்தது என்பதை இன்னொரு கேஜ் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை காட்டும். தாங்க வேண்டிய சுமையைவிடச் சற்றுக் கூடுதலாக இழுத்து, சில நிமிடம் நிறுத்தி, இறக்கிவிடுவார்கள்.

விடாமல் இழுத்தால்? பிடிப்பு நன்றாக இருக்கும் பட்சத்தில், போல்ட் கான்கிரீட்டையே புனல் வடிவில் பெயர்த்துக்கொண்டு வரும். நசுக்கினால் மலைபோல் நிற்கிற கான்கிரீட், இழுத்தால் அந்தப் பலத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் காட்டும். டென்மார்க்கில் இந்தப் புனலையே அளவுகோலாக்கிவிட்டார்கள். பழைய தூணில் துளையிட்டு, 25 மி.மீ. ஆழத்தில் ஒரு வளையத்தை விரியவைத்து இழுப்பார்கள். பெயர்த்தெடுக்க ஆன விசையிலிருந்து கான்கிரீட்டின் வலிமை தெரிந்துவிடும்.

அந்த வலிமையை அறிய நம் ஊர்க் கட்டடங்களில் அதிகம் புழங்குவது சுவிஸ் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்மிட் உருவாக்கிய சுத்தியல். தூணில் வைத்து அழுத்தினால் உள்ளே ஸ்பிரிங் விடுபட்டு, அடித்து, எகிறும். எகிறிய தூரம்தான் கணக்கு. கையடக்கமானது, ஆனால் மேல்தோலை மட்டுமே அறியும். பழைய கான்கிரீட்டின் தோல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடால் காய்த்துப்போயிருக்கும். எண் கூடுதலாகவே வரும். சந்தேகம் இருந்தால் கான்கிரீட்டைத் துளைத்து 'கோர்' எனும் உருளைத் துண்டை எடுத்து நசுக்கிப் பார்ப்பதே நேர்வழி. குறித்த வலிமையில் சராசரியாக 85 சதவீதம், எந்த ஒரு கோரும் 75 சதவீதத்துக்குக் குறையாமல் வந்தால் போதும் என்கிறது இந்தியத் தர விதி.

பாஸ்டனுக்கு வருவோம். குளிர்ந்த தார்க்கட்டியைச் சுத்தியலால் அடித்தால் உடைந்து சிதறும். அதையே மேசையில் வைத்துவிட்டுப் போனால் மெல்ல மெல்லப் பரந்து படியும். அந்தப் பசைக்கும் இதே குணம். அதில் நிதானமாக இறுகுவது, சீக்கிரம் இறுகுவது என இரண்டு வகை உண்டு. அங்கே போட்டது இரண்டாவது. சில நிமிட இழுப்புக்கு அசையாதது, ஓயாத சுமைக்கு ஆண்டுக்கணக்கில் மயிரிழை மயிரிழையாக நகர்ந்தது. இத்தனைக்கும் 1999-லேயே சில போல்ட்டுகள் இறங்கியிருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். மாற்றிப் போட்டு, மறுபடியும் அதே சில நிமிடச் சோதனைதான் செய்தார்கள். இதை என்னால் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியவில்லை. கேட்ட கேள்வியே தவறு. ஊர்ந்து நகர்வதை அறிய ஆயிரம் மணி நேரமாவது சுமையைத் தொங்கவிட்டு அளக்க வேண்டும்.

2012 டிசம்பர் 2 அன்று ஜப்பானின் சசாகோ சுரங்கத்தில் சுமார் 140 மீட்டர் நீளத்துக்கு உட்கூரை விழுந்து 9 பேர் இறந்தார்கள். 1977-ல் திறந்த சுரங்கம். அங்கும் பசை போல்ட்டுகள். நாம் தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல், போல்ட்டைச் சுத்தியலால் தட்டி ஓசை கேட்பது அங்கே வழக்கம். உச்சியில் இருந்த அந்தப் போல்ட்டுகளை 2000-க்குப் பிறகு யாரும் தட்டிப் பார்க்கவில்லை.

2014 முதல் ஜப்பானில் ஒவ்வொரு சாலைச் சுரங்கத்தையும் பாலத்தையும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது சட்டம்.