நீர்நாய் போட்ட பத்து பவுண்டு

பக்கத்து வீட்டுப் பையன் கிளாஸ்கோவில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டுப் போன மாதம் ஊர் திரும்பினான். "ஞாபகத்துக்கு வச்சுக்கோங்க மாமா" என்று ஒரு பத்து பவுண்டு நோட்டைக் கையில் திணித்தான். பிளாஸ்டிக் நோட்டு. முன்பக்கம் மேரி சாமர்வில் என்ற அறிவியல் அம்மையார், பின்பக்கம் இரண்டு நீர்நாய்கள். ராஜா படமும் இல்லை, ராணி படமும் இல்லை.

சாயங்காலம் டீக்கடையில் அண்ணாச்சியிடம் காட்டினேன். அண்ணாச்சி பேங்க் கவுண்டரில் கேஷியராக இருந்து ரிட்டையர் ஆனவர். எந்த நோட்டைக் கொடுத்தாலும் முதலில் கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு, அப்புறம் லைட்டுக்கு நேரே ஒரு தூக்கு. தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பேங்க் ஆஃப் இங்கிலாந்துன்னு எங்கேயும் போடலையே. இது செல்லுமா?"

ஸ்காட்லாந்து தனிநாடாகலாமா என்ற பொருளாதாரச் சண்டையின் பாதி இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. இரண்டு டீ சொன்னேன்.

செல்லும் அண்ணாச்சி. இதை அடித்தது ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து. அங்கே மூன்று வணிக வங்கிகள் சொந்தப் பெயரில் நோட்டு வெளியிடுகின்றன. எடின்பரோவில் யாரும் திருப்பிப் பார்க்கமாட்டார்கள். லண்டனில் சில கடைக்காரர்கள் நீங்கள் பார்த்த மாதிரியே பார்ப்பார்கள். ஆனால் அந்த வங்கிகள் இஷ்டத்துக்கு அடிக்க முடியாது. வெளியே விட்ட நோட்டுக்கெல்லாம் ஈடு காட்டவேண்டும். அதற்கென்றே பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் பெட்டகத்தில் வெளியே வராத நோட்டுகள் சில கிடக்கின்றன. ஒன்று 10 லட்சம் பவுண்டு, பெயர் ஜயன்ட். இன்னொன்று 10 கோடி பவுண்டு, பெயர் டைட்டன். கிட்டத்தட்ட ஏ4 தாள் அளவு.

"அப்போ ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள்ள உசிரை வச்ச கதைதான்" என்றார் அண்ணாச்சி. "நோட்டு இவனுது, உசிரு அவன் பெட்டியில."

அந்தக் கிளியைக் கூண்டோடு தூக்கி வருவதா, புதுக் கிளி வளர்ப்பதா என்பதில்தான் 2014-இல் தனிநாட்டு வாக்கெடுப்பே தடுமாறியது. அதற்கு முன் ஒரு பழைய கதை. ஸ்காட்லாந்து இங்கிலாந்தோடு சேர்ந்ததற்கே காசுதான் ஒரு பெரிய காரணம். 1698-இல் பனாமா பக்கம் டேரியன் என்ற இடத்தில் குடியேற்றம் அமைக்க ஸ்காட்லாந்துக்காரர்கள் கப்பல் அனுப்பினார்கள். நாட்டின் கைமுதலில் கணிசமான பங்கு அதில் போனது. காய்ச்சல், பசி, ஸ்பெயின்காரர் முற்றுகை. 1700-இல் எல்லாம் முடிந்தது. 1707-இல் இணைப்பு ஒப்பந்தம் வந்தபோது இங்கிலாந்து கொடுத்த ஈட்டுத்தொகை 3,98,085 பவுண்டு, 10 ஷில்லிங். டேரியனில் பணம் போட்டவர்களுக்கு அதிலிருந்துதான் நஷ்டஈடு. அந்த ஈட்டுத்தொகைக்கான பத்திரங்களை வைத்திருந்தவர்கள் சேர்ந்து 1727-இல் தொடங்கிய வங்கியின் நோட்டுதான் இப்போது அண்ணாச்சி கையில் இருப்பது.

இணைப்பால் லாபமும் வந்தது. இங்கிலாந்தின் குடியேற்றச் சந்தைகள் முழுக்கத் திறந்துவிட்டன. 1867-இல் இலங்கையில் லூல்கந்துராவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்காட்லாந்துக்காரர். அந்த மலைத்தோட்டங்களில் கூலியாக நின்றது நம் சனம். நாம் குடிக்கிற டீக்குள்ளும் 1707 கொஞ்சம் கரைந்திருக்கிறது.

இனி கணக்குக்கு வருவோம். ஸ்காட்லாந்து அரசே ஆண்டுதோறும் ஒரு வரவுசெலவு அறிக்கை விடுகிறது, பெயர் கெர்ஸ். 2023-24 கணக்கில் பற்றாக்குறை 2,270 கோடி பவுண்டு, அதாவது மொத்த உற்பத்தியில் 10.4 சதவீதம். பிரிட்டன் முழுவதற்கும் அதே ஆண்டு 4.5 சதவீதம். வேண்டாம் என்பவர்கள் கையில் இருக்கும் முதல் ஆயுதம் இது. தலைக்குக் கணக்கிட்டால் ஸ்காட்லாந்துக்காரர் கட்டும் வரி பிரிட்டன் சராசரியை ஒட்டியே இருக்கிறது. செலவுதான் தலைக்குச் சுமார் 2,400 பவுண்டு கூடுதல். தீவுகளும் மலைக் கிராமங்களுமாகச் சிதறிய நாடு என்பது ஒரு காரணம். ஜோயல் பார்னெட் என்ற அமைச்சர் 1970-களின் கடைசியில் தற்காலிகமாகப் போட்ட நிதிப்பங்கீட்டுச் சூத்திரம் இன்னொன்று. அவரே பிற்பாடு அதைத் தூக்கச் சொன்னார். 2014 வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு லண்டனின் மூன்று கட்சித் தலைவர்களும் அதைத் தொடமாட்டோம் என்று பத்திரிகையின் முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

வேண்டும் என்பவர்களின் பதில், இது கூட்டுக்குடும்பக் கணக்கு என்பது. லண்டன் வாங்கிய கடனுக்கான வட்டியும், லண்டன் முடிவுசெய்த ராணுவச் செலவும் தலைக்கட்டு வரி மாதிரி எங்கள் மேல் எழுதப்படுகிறது. தனிக்குடித்தனம் போனால் நாங்கள் அப்படிச் செலவழிக்கமாட்டோம். நியாயமான வாதம்தான். ஆனால் ராணுவப் பங்கு முழுவதையும் அடித்துவிட்டாலும் அந்தப் பள்ளத்தில் கால் பங்குகூட நிரம்பாது. மீதிக்கு வரியைக் கூட்டவேண்டும், அல்லது ஆஸ்பத்திரி, பென்ஷனில் கை வைக்கவேண்டும், அல்லது கடன் வாங்கவேண்டும்.

"வட கடல்ல எண்ணெய் இருக்கே?" என்றார் அண்ணாச்சி. இருந்தது. 1974-இல் கேவின் மெக்ரோன் என்ற அரசுப் பொருளாதார நிபுணர் ஓர் அறிக்கை எழுதினார். எண்ணெயோடு தனியே போனால் ஸ்காட்லாந்தின் உபரி கூச்சப்படும் அளவுக்குக் குவியும், ஐரோப்பாவிலேயே வலுவான நாணயங்களில் ஒன்று அதனிடம் இருக்கும் என்பது சாரம். அது ரகசியக் கோப்பாகத் தூங்கி, தகவல் அறியும் சட்டத்தின் கீழ் 2005-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. இந்த ஒரு குறையில் நான் முழுக்க ஸ்காட்லாந்துக்காரர் பக்கம். அக்கரையில் நார்வே எண்ணெய்க் காசை ஒரு நிதியில் போட்டு, 2017-இல் அதை ஒரு லட்சம் கோடி டாலராக வளர்த்தது. பிரிட்டன் வந்ததை வந்த வேகத்தில் செலவழித்தது.

ஆனால் அன்று நழுவிய அதிர்ஷ்டத்தை வைத்து இன்று அடுப்பெரியாது. 2013-இல் எடின்பரோ அரசு விட்ட வெள்ளை அறிக்கை ஒரு பேரல் 110 டாலருக்கு மேல் விற்கும் என்று வைத்துக் கணக்குப் போட்டது. தனிநாடு பிறக்கக் குறித்த நாள் 2016 மார்ச் 24. அந்த ஜனவரியில் பேரல் 30 டாலருக்குக் கீழே விழுந்தது. 2011-12-இல் ஸ்காட்லாந்துப் பங்காகச் சுமார் 1,000 கோடி பவுண்டு தந்த எண்ணெய் வரி, 2015-16-இல் 6 கோடி. முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் முன்பு நகைப்பெட்டியைத் திறந்தால் காலி. இப்போது காற்றாலை மின்சாரத்தைச் சொல்கிறார்கள். உற்பத்தி நிறையத்தான், தெற்கே கொண்டுபோகக் கம்பி போதாமல் காற்றடிக்கிற நாளிலேயே ஆலையை நிறுத்தி வைக்கக் காசு கொடுக்கிறார்கள். வாங்குகிறவரும் பெரும்பாலும் இங்கிலாந்துதான்.

விஸ்கி வரியெல்லாம் லண்டனுக்குப் போய்விடுகிறது என்றொரு பேச்சும் உண்டு. ஏற்றுமதியாகும் விஸ்கிக்குப் பிரிட்டனில் கலால் வரியே கிடையாது. அதை விடுங்கள்.

மறுபடி நோட்டுக்கு வருகிறேன். 2014 பிப்ரவரியில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் எடின்பரோவுக்கே வந்து, பிரிந்துபோனால் பவுண்டைப் பங்குபோட மாட்டோம் என்று சொல்லிவிட்டார். ஆகஸ்ட் தொலைக்காட்சி விவாதத்தில் வேண்டாம் அணியின் தலைவர் அலிஸ்டர் டார்லிங், ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்டிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றே: பவுண்டு கிடைக்காவிட்டால் மாற்று ஏற்பாடு என்ன? நேரான பதில் வரவில்லை.

அனுமதி கேட்காமலே பவுண்டைப் புழங்கலாம். பனாமாவும் அமெரிக்க டாலரைத்தான் புழங்குகிறது (டேரியன் இருக்கிற அதே பனாமா!). ஆனால் வங்கி கவிழ்ந்தால் தூக்கிவிட ஆள் கிடையாது. 2008-இல் இந்த நீர்நாய் வங்கி கவிழ்ந்தபோது பிரிட்டிஷ் அரசு போட்ட பணம் 4,550 கோடி பவுண்டு.

சொந்த நாணயம் அடித்தால்? இங்கே அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். "வீட்டுக்கடன் பவுண்டுல, சம்பளம் புது நோட்டுல. புது நோட்டு எறங்கிச்சுன்னா தவணை ஏறிடும். நாளைக்கு மாத்தப்போறாங்கன்னு தெரிஞ்சா இன்னைக்கே ஜனம் கவுண்டர்ல வந்து நிக்கும்." நின்றது. 1993 ஜனவரி 1-இல் செக்கும் ஸ்லோவாக்கியாவும் பிரிந்தபோது பழைய நாணயத்தையே சேர்ந்து வைத்துக்கொள்வதாக ஒப்பந்தம். பணம் ஸ்லோவாக்கியாவிலிருந்து ஓட ஆரம்பித்தது. பிப்ரவரி 8-இல் ஒப்பந்தம் முடிந்தது. பழைய நோட்டில் முத்திரைத்தலை ஒட்டிக் கொடுத்தார்கள்.

எதிர் உதாரணம் அயர்லாந்து. 1922-இல் பிரிந்தது, 1979 வரை தன் பவுண்டை இங்கிலாந்துப் பவுண்டுக்குச் சமமாகவே கட்டி வைத்திருந்தது. ஆரம்பத்தில் ஏற்றுமதியில் 90 சதவீதத்துக்கு மேல் பிரிட்டனுக்கு; இன்று அதில் சிறு பங்குதான், நாடும் செழிப்பு. வேண்டும் என்பவர்களின் ஆகச் சிறந்த சாட்சி இது. ஆனால் அந்த மாற்றத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. நடுவில் கப்பலேறிப் போன ஐரிஷ் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

வியாபாரத்தில் பிரெக்ஸிட் வந்து சீட்டைக் கலைத்துப்போட்டது. பிரிந்தால் ஐரோப்பிய ஒன்றியம் போய்விடும் என்று 2014-இல் பயமுறுத்தினார்கள். பிரியாமல் இருந்ததால் அது போயிற்று. 2016-இல் ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் ஒன்றியத்தில் இருக்கவே ஓட்டுப் போட்டிருந்தார்கள். அவர்கள் கோபம் புரிகிறது. ஆனால் ஸ்காட்லாந்தின் விற்பனையில் சுமார் 60 சதவீதம் பிரிட்டனின் மற்ற பகுதிகளுக்குத்தான். ஒன்றியத்தில் திரும்பச் சேர்ந்தால் சுங்கச்சாவடி இங்கிலாந்து எல்லையில் வந்து உட்காரும். பிரிவினையின் வியாபார இழப்பு பிரெக்ஸிட்டைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும் என்று லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள் 2021-இல் கணக்கிட்டார்கள்.

டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. "உங்களுக்கு ஓட்டு இருந்தா எதுல குத்துவீங்க?" என்றார் அண்ணாச்சி.

தனியே போனால் பிழைக்கும் அண்ணாச்சி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. 55 லட்சம் பேர், படித்த ஜனம், நல்ல பல்கலைக்கழகங்கள். கிட்டத்தட்ட அவ்வளவு பேரே உள்ள டென்மார்க் நன்றாகத்தான் இருக்கிறது. முதல் பத்துப் பதினைந்து வருஷத்து வலியை யார் தாங்குவது என்பதுதான் கேள்வி. பென்ஷன் பவுண்டில் வருகிற ஸ்காட்லாந்துக்காரனாக இந்த வயசில் என்னைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் குத்துவேன். இருபது வயசில் கேட்டிருந்தால் வேறு மாதிரி.

2014 செப்டம்பர் 18-இல் 55 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். முதியவர்கள் பெருவாரியாக அந்தப் பக்கம் நின்றார்கள். அன்று 16 வயதுப் பிள்ளைகளுக்கும் ஓட்டு இருந்தது.