கரையில் ஒருவர் வேண்டும்

சித்திரை பிறந்து, தேர்வுகள் முடிந்து, பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "ஆற்றுக்கு எப்போது போகிறோம்?" என்பதுதான். அறுபது ஆண்டுகளுக்கு முன் காவிரிக்கரையில், குளித்தலைக்கு அருகிலுள்ள சிற்றூரில் பிறந்த நானும் அதே கேள்வியோடுதான் வளர்ந்தேன். அன்று கோடைச் சுற்றுலா என்றொரு சொல்லே எங்களுக்குத் தெரியாது. பாட்டி விடியலில் எழுந்து புளியோதரையும் தயிர்ச்சோறும் கிளறுவார். தூக்குவாளிகளில் கட்டுச்சோறும், ஜாடியில் மாவடுவும், பையில் வாழையிலைக் கட்டும் ஏறியதும் இரண்டு மாட்டு வண்டிகளில் குடும்பமே ஆற்றுக்குக் கிளம்பிவிடும். அகண்ட மணல்வெளியில் நீர் ஓர் ஓரமாக ஓடிக்கொண்டிருக்கும். மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுப்போம். செலவு என்று பார்த்தால் வழியில் வாங்கிய வெள்ளரிப்பிஞ்சுக்குக் கொடுத்த காசு மட்டுமே.

அந்தக் கூட்டத்தில் தாய்மாமன் ஒருவர் மட்டும் எங்களோடு அமர்ந்து உண்ணமாட்டார். நீண்ட மூங்கில் கழிகள் இரண்டை அவர் கொண்டுவருவார். பிள்ளைகள் இறங்குமுன் அவரே நீரில் இறங்கி, ஒரு கழியை ஊன்றி ஊன்றி ஆழம் பார்த்து, எங்கள் இடுப்பளவு வரும் இடத்தில் அதை நட்டுவிட்டுத் திரும்புவார். அந்தக் கழியை யாரும் தாண்டக் கூடாது. மற்றொரு கழியோடு கரையில் அமர்ந்திருப்பார். சீட்டாட்டம், பாட்டு, பழங்கதை எதிலும் அவர் கலந்துகொள்ளமாட்டார். கடைசிப் பிள்ளை கரையேறித் தலை துவட்டிய பிறகே அவருக்கு இலை போடப்படும். அவரைச் சிரிக்கத் தெரியாத மனிதர் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அவர் செய்துகொண்டிருந்தது என்னவென்று எனக்குப் புரிய ஐம்பது ஆண்டுகள் ஆயின.

சென்ற ஆண்டு சித்திரையில், வெளியூர்களிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் எல்லாரும் வந்திருக்க, இருபத்து மூன்று பேர் அதே ஆற்றங்கரையில் கூடினோம். உணவு முடிந்து, குழுவாகப் படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நின்றோம். முழங்கால் அளவு நீரில் விளையாடிக்கொண்டிருந்த தம்பியின் எட்டு வயதுப் பேரன், எங்களிடமிருந்து பத்தடி தொலைவில், ஒரு குழிக்குள் நழுவினான். ஒருவரும் பார்க்கவில்லை. அப்பால் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர்தான் ஓடிவந்தார். கிளை இழுத்துப் போடும் துரட்டியைத் திருப்பிப் பிடித்து, அதன் அடிக்கம்பைப் பையனின் மார்பில் படும்படி நீட்டினார். பட்டதும் அவன் பற்றிக்கொண்டான். கரைக்கு இழுத்துப் போட்டபின் அவர் எங்களைப் பார்த்துச் சொன்னது ஒரே வாக்கியம்: "இத்தனை பேரு இருக்கீங்க, ஒருத்தரு கண்ணுகூடத் தண்ணி மேல இல்லையேங்க."

அந்தச் சொல் என்னை இன்றும் உறங்கவிடாமல் செய்கிறது. கூட்டம் பெரிதாக இருந்தால் பாதுகாப்பும் பெரிதாக இருக்கும் என்று நாம் நம்புகிறோம். நடப்பது நேர்மாறானது. தாய் உணவு பரிமாறும்போது தந்தை பார்த்துக்கொள்வார் என நினைக்கிறார். தந்தையோ சித்தப்பா பக்கத்தில் நிற்கிறாரே என நினைக்கிறார். சித்தப்பா பெரிய பிள்ளைகளை நம்புகிறார். எல்லாரும் பல்லக்கில் ஏறிவிட்டால் பல்லக்கைத் தூக்குவது யார்? பொறுப்பு எல்லாருக்கும் உரியதாகும்போது அது எவருடையதாகவும் இல்லாமல் போகிறது.

நம்மை ஏமாற்றும் மற்றொன்று, மூழ்குதல் பற்றி நாம் மனத்தில் வைத்திருக்கும் காட்சி. திரைப்படங்களில் மூழ்குபவர் கைகளை வீசுவார், "காப்பாற்றுங்கள்" என்று கத்துவார். உண்மையில் மூழ்குதல் பெரும்பாலும் ஓசையின்றி நிகழ்கிறது. குரல் எழ வேண்டுமானால் முதலில் மூச்சு வேண்டும். வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வரும்போது மூச்சை இழுக்கவே நேரம் போதாது. கத்த எங்கே நேரம்? கைகள் தம்மையறியாமல் பக்கவாட்டில் நீரை அழுத்திக்கொண்டிருக்கும். அவற்றை உயர்த்தி அசைக்க இயலாது. தலை பின்னோக்கிச் சாய்ந்து, உடல் செங்குத்தாக நிற்கும். கரையிலிருந்து பார்ப்பவருக்குப் பிள்ளை நின்றுகொண்டு வானத்தைப் பார்ப்பதுபோலவே தோன்றும். இந்தப் போராட்டம் ஒரு நிமிடத்துக்கு மேல் நீடிப்பது அரிது. ஒரு குழுப்படம் எடுக்க ஆகும் நேரமும் அதுதான்.

இது ஒரு குடும்பத்தின் கதையாக மட்டும் இருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் நீரில் மூழ்கி 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உலக அளவில் 2021-இல் ஏறத்தாழ 3 லட்சம் பேர் இவ்வாறு இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை. இதன் கடுமையை உணர்ந்தே ஐக்கிய நாடுகள் பொது அவை 2021-இல் ஜூலை 25-ஐ நீரில் மூழ்குதலைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது.

"நாங்கள் சிறுவயதில் குதித்து விளையாடாத ஆறா?" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. நானும் அப்படிக் கேட்டவன்தான். ஆனால், பெயர் மட்டுமே அதே ஆறு. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் பாசனத்துக்குத் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படுகிறது. ஆகவே, சித்திரை, வைகாசியில் காவிரியில் ஓடுவது சிறிதளவு நீரே. அன்று அந்த நீர் சமமான மணற்படுகையின் மீது பரவி ஓடியது. ஆழம் படிப்படியாகவே கூடியது. இன்றோ மணல் அள்ளிய இடங்களில் செங்குத்தான குழிகள் இருக்கின்றன. மேலே நீர் ஒரே மட்டமாகப் பளபளப்பதால் எங்கே முழங்கால் ஆழம் முடிகிறது, எங்கே இரண்டாள் ஆழம் தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. குழியின் விளிம்பு இளகிய மணலாதலால், அதில் கால் வைத்ததும் சரிந்து உள்ளே இழுக்கும். வெளியேற முயன்று விளிம்பைப் பற்றினால் அதுவும் கையோடு பெயர்ந்து வரும்.

ஏரிகளிலும் குளங்களிலும் இதே கதைதான். கோடையில் நீர் வற்றியதும் வண்டல் எடுக்கப்படுகிறது. அது ஏரிக்கும் வயலுக்கும் நல்லதே. ஆனால், மண்வெட்டியால் சீராகச் சரித்து வெட்டிய காலம் போய், இயந்திரங்கள் ஒரே இடத்தில் ஆழத் தோண்டிவிட்டுப் போகின்றன. பிறகு ஒரே ஒரு கோடைமழை போதும். அந்தக் குழிகள் நிரம்பிவிடும். சென்ற வாரம் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிய தரை, இந்த வாரம் ஆழம் தெரியாத மடுவாகிவிடுகிறது. கைவிடப்பட்ட கல்குவாரிகள் இன்னும் கொடியவை. அவற்றில் கரை என்பதே இல்லை; பாறைச்சுவரிலிருந்து நேரே ஆழம்தான். வழுக்கும் சுவரைப் பற்றி ஏற இடமிருக்காது. வெயிலில் மேல்நீர் வெதுவெதுப்பாகவும் அடிநீர் சில்லென்றும் இருப்பதால், குதித்தவரின் மூச்சு திடீரெனத் தடுமாறும். நீந்தத் தெரிந்த இளைஞர்களும் அங்கே உயிரிழப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடற்கரைக்குச் செல்வோர் அறிய வேண்டியது வேறு. கரைக்கு வந்து மோதிய அலைகளின் நீர் மீண்டும் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அது சில இடங்களில் ஒடுங்கிய வேகமான ஓட்டமாகத் திரும்புகிறது. அந்த இடத்தில் அலைகள் குறைந்து நீர் அமைதியாகக் காணப்படுவதால், இதுதான் குளிக்க ஏற்ற இடம் என்று தவறாக எண்ணிப் பலர் இறங்குகிறார்கள். இழுக்கப்பட்டவர் கரையை நோக்கி நேராக நீந்தினால், ஓட்டத்தை எதிர்த்துக் களைத்துப்போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்திலிருந்து விலகுவதே வழி. சென்னை மெரினாவில் குளிக்க வேண்டாமென்று காவலர்கள் விரட்டும்போது முகம் சுளிப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கோடையில் நாளிதழ்களைப் பார்ப்பவர்களுக்கு மற்றொரு துயரமும் பழக்கமானது. ஒரு பிள்ளை மூழ்க, காப்பாற்றக் குதித்த அண்ணனும், அவனைக் காப்பாற்றக் குதித்த தாயும் சேர்ந்தே இறக்கிறார்கள். மூழ்குபவர் கைக்கு எட்டியதைப் பற்றி அழுத்துவார். காப்பாற்ற வந்தவரையும் அழுத்துவார். ஆகவே பயிற்சி இல்லாதவர் நீரில் குதிக்காமல் கரையில் இருந்தபடி கழியோ கயிறோ வேட்டியோ சேலையோ எதையாவது நீட்ட வேண்டும், அல்லது மிதக்கும் வெற்றுக் குடத்தை வீச வேண்டும். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கோட்டரை நீர்த்தேக்கத்தில் மூழ்கிய இளைஞர்களில் இருவரைக் காப்பாற்றியவர்கள், தாங்கள் உடுத்தியிருந்த சேலைகளைக் களைந்து நீரில் வீசிய மூன்று பெண்கள். தமிழக அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்கியது. உயிரைவிட நாணம் பெரிதல்ல என்று ஒரு நொடியில் முடிவெடுத்த அவர்களின் துணிவோடு, குதிக்காமல் வீசினார்களே, அந்த நிதானத்தையும் நாம் கற்க வேண்டும்.

கரைசேர்த்த பின்னும் தவறுகள் நிகழ்கின்றன. பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவதும், வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வதும் பொன்னான நொடிகளை வீணாக்கும். வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலுக்குள் செல்லவும் கூடும். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். மார்பை அழுத்தும் உயிர்ப்பு முதலுதவியைத் தொடங்க வேண்டும். அதே நேரத்தில் மற்றொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். பிள்ளை கண் விழித்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டாமல் வீட்டுக்கு அழைத்துச் செல்லக் கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது நீச்சல். எங்கள் ஊரில் ஆண்பிள்ளைகளுக்கு முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கி நீந்தக் கற்றுக்கொடுத்தார்கள். என் அக்காமார்களுக்கும் தங்கைக்கும் அதைக் கற்றுத்தர யாருக்கும் தோன்றவில்லை. இன்று ஆற்றங்கரையில் பிள்ளைகளுக்கு அருகில் நிற்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பெண்களே. எவரை நம்பிப் பிள்ளைகளை விடுகிறோமோ அவருக்கே நீச்சலை மறுத்த சமூகம் நாம். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் பாதுகாப்பான மீட்புமுறைகளும் கற்பிக்கப்பட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. தேர்வு முடிந்த கடைசி நாளில் அரைமணி நேரம் ஒதுக்கி, அவ்வூரில் ஆழமான இடங்கள் எவை என்று ஆசிரியர்கள் சொல்லியனுப்பலாம். தோண்டிய குழிகளைச் சரித்து விடுவதும், மக்கள் கூடும் துறைகளில் ஆழத்தைக் காட்டும் கம்பமும் ஒரு கயிறும் வைப்பதும் உள்ளாட்சிகளுக்குப் பெரிய செலவல்ல.

ஆனால், அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாத ஒன்று உண்டு. நீர்நிலைக்குச் செல்லும் ஒவ்வொரு குடும்பமும் புறப்படுமுன்னரே, "கரையில் இருப்பவர் யார்?" என்று பெயர் சொல்லித் தீர்மானிக்க வேண்டும். அவர் கையில் செல்பேசி இருக்கக் கூடாது. மது அருந்தியவராக இருக்கவே கூடாது. கால்மணி நேரத்துக்கு ஒருமுறை, "இனி நீங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைக்கலாம். சிறு குழந்தை என்றால் கைக்கெட்டும் தொலைவில் பெரியவர் ஒருவர் நீரிலேயே நிற்க வேண்டும். காற்றடைத்த விளையாட்டு வளையங்கள் உயிர்காக்கும் சாதனங்கள் அல்ல.

பேரன் பிழைத்த அன்றிரவு, "இனி ஆற்றுப் பக்கமே போகக் கூடாது" என்று வீட்டில் ஒருமனதாக முடிவாயிற்று. நான் உடன்படவில்லை. உறவுகள் ஆண்டுக்கு ஒருமுறை ஓரிடத்தில் கூடிக் கட்டுச்சோறு உண்பதும், பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்து விளையாடுவதும் இழக்கக்கூடியவை அல்ல. தடுத்துவைத்த பிள்ளைகள் பெரியவர்களுக்குத் தெரியாமல் தனியே போவார்கள்; அதுவே பேராபத்து.

அடுத்த வாரம் மீண்டும் போகிறோம். புளியோதரைக்கு மருமகள் புளி ஊறவைப்பாள்; மாவடு ஏற்கெனவே ஜாடியில் ஊறிக்கொண்டிருக்கிறது. நேற்று கடைத்தெருவுக்குப் போய் நீண்ட மூங்கில் கழிகள் இரண்டு வாங்கி வந்தேன். எனக்கு இலையைக் கடைசியில் போட்டால் போதும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.