படத்துக்கும் முகவரி வேண்டும்

ஆய்வேடுகளில் நூல்களை மேற்கோள் காட்டுவதில் உள்ள அக்கறை, படங்களைக் காட்டுவதில் இருப்பதில்லை. 'நன்றி: கூகுள்' என்ற ஒற்றை வரியுடன் பல படங்கள் அச்சேறிவிடுகின்றன. கூகுள் படத்தைத் தேடித் தரும் கருவியே தவிர, அதன் மூல ஆதாரம் அன்று.

கலைப்படைப்பு வேறு, அதன் புகைப்படம் வேறு. ஓவியமெனில் கலைஞர் பெயர், தலைப்பு, ஆண்டு, வரையப்பட்ட ஊடகம், அளவு, அது இருக்கும் அருங்காட்சியகம், பதிவெண் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். பின்னர், புகைப்படம் எடுத்தவர், எடுத்த ஆண்டு, அது பெறப்பட்ட இடம் ஆகியவற்றைத் தர வேண்டும். சிற்பியின் பெயர் அறியப்படாத கோயில் சிற்பங்களுக்கு ஊர், கோயில், சிற்பம் அமைந்துள்ள இடம், காலம் ஆகியவை இன்றியமையாதவை.

இது வெறும் சம்பிரதாயம் அன்று. விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலின் அர்த்தநாரீஸ்வரர் கற்சிற்பத்தை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004-இல் விலைக்கு வாங்கியது. அச்சிற்பம் எந்தக் கோயிலுக்கு உரியது என்பதை மெய்ப்பிக்க உதவியது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் 1974-ஆம் ஆண்டுப் புகைப்படம். 2014-இல் சிற்பம் இந்தியா திரும்பியது. ஊரும் ஆண்டும் குறிக்கப்படாத புகைப்படத்தால் இத்தகைய சாட்சியம் அளிக்க இயலாது.

ஆதாரத்தைக் குறிப்பிடுவது, அனுமதி பெற்றதற்கு ஈடாகாது. இந்தியச் சட்டப்படி, ஓவியத்துக்கான பதிப்புரிமை கலைஞர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. ஆய்வேட்டை நூலாக்குவோர் இதனை மறத்தல் கூடாது.

அடிக்குறிப்புகளைச் சரிபார்க்கும் நெறியாளர்கள், படக்குறிப்புகளையும் அதே கண்டிப்புடன் சரிபார்க்க வேண்டும். இன்றைய படக்குறிப்பு, நாளை ஒரு களவுக்கு எதிரான சான்றாகலாம்.