பழைய கார்களில் எஞ்சின் ஆயிலும் கூலண்டும்

அம்பாசிடர், மாருதி 800 போன்ற பழைய கார்களின் குறை, கம்பம் பள்ளத்தாக்கின் சமதளச் சாலைகளில் வெளியே தெரிவதில்லை. 17 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட போடிமெட்டு மலைச்சாலையிலோ, லோயர்கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும்போதோதான் தெரியவரும். ஏற்றத்தில் கார் தாழ்ந்த கியரில் மெல்லப் போகிறது. எஞ்சினுக்கு உழைப்பும் சூடும் அதிகம். ரேடியேட்டருக்குள் புகும் காற்றோ குறைவு.

தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அது கடல்மட்டக் கணக்கு. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு பாகை குறையும். 1,300 மீட்டருக்கு மேல் உள்ள போடிமெட்டில், திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 95 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்குவதால்தான் பல கார்களில் கொதிநிலை 110 பாகையைத் தாண்டுகிறது. மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். விலை குறைந்த பொருள்; ஆனாலும் பலரும் கவனிப்பதில்லை.

"இங்கே பனி உறைவதில்லையே, கூலண்ட் எதற்கு?" என்பார்கள். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் கொதிநிலையையும் உயர்த்துகிறது. கூடச் சேர்க்கும் வேதிப்பொருள்கள் துருவைத் தடுக்கின்றன. ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால், வெந்நீர் அண்டாவின் அடியில் படியும் அதே வெள்ளை உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். அடர்கூலண்டுடன் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைச் சரிபாதி கலப்பது வழக்கம். கலந்தே விற்பதில் மேலும் நீர் சேர்க்கக் கூடாது. துரு தடுக்கும் ஆற்றல் நாளடைவில் குறைவதால், கையேடு சொல்லும் காலத்தில் முழுவதும் மாற்ற வேண்டும்.

ஆயிலில், 20டபிள்யூ-40 என்றால் முதல் எண் குளிரில் ஆயில் ஓடும் தன்மையைக் குறிக்கும். இரண்டாவது, எஞ்சின் சூடான பின் உள்ள தடிமனை. தேனி வெயிலில் இரண்டாவதே முக்கியம். புதிய கார்களுக்கான 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயில், தேய்ந்து இடைவெளி கூடிய பழைய எஞ்சினில் போதிய அழுத்தம் தராது. அதற்காகக் கையேட்டை மீறி மிகத் தடித்த ஆயில் ஊற்றுவதும் வீண். எஞ்சினை இயக்கியதும் அது மேற்பகுதிக்கு ஏறத் தாமதமாகும்.

மலையில் சூடு முள் சிவப்பைத் தொட்டால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்கவும். ரேடியேட்டர் மூடியை உடனே திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீர் ஊற்றினால் சிலிண்டர் ஹெட் வெடிக்கலாம். நன்கு ஆறிய பிறகு கூலண்டை நிரப்பி, ஆயில் அளவுக் கம்பியையும் எடுத்துப் பாருங்கள். ஆயில் கறுத்திருப்பது இயல்பு. பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் ஹெட் கேஸ்கெட் போய், கூலண்ட் ஆயிலில் கலந்திருக்கக்கூடும். பிறகு எஞ்சினை இயக்காமல் வண்டியைக் கட்டி இழுத்துவர வேண்டியதுதான்.