கண்ணிற் காணா இடம்

மாணவ நண்பர்கள் மேலே வாசிக்குமுன் ஒரு சிறு பரீட்சை செய்து பார்த்தல் நன்று. வெள்ளைத் தாளொன்றில் இடப்புறம் ஒரு கூட்டற் குறியும், அதற்கு வலப்புறம் 3 அங்குல தூரத்தில் ஒரு கரும்புள்ளியும் இடுக. இடக்கண்ணை மூடி, வலக்கண்ணாற் கூட்டற் குறியையே உற்று நோக்கியவண்ணம் தாளைக் கைநீளத்தினின்று மெல்ல முகத்தருகே கொணர்க. ஏறக்குறைய 11 அங்குலத்திற் புள்ளி மறைந்துபோம். இன்னும் நெருங்கின் மீண்டும் தோன்றும். இடையே கண் புள்ளியின்மேல் ஓடிற்றாயின் பரீட்சை கெட்டது, மறுபடியும் தொடங்கவேண்டியதே.

காரணம் எளிது. விழித்திரையினின்று பார்வை நரம்பு புறப்படும் இடத்தில் ஒளியை உணரும் உயிரணுக்கள் இல்லை. பதினேழாம் நூற்றாண்டிற் பிரெஞ்சு அறிஞர் மாரியட் இக்குருட்டிடத்தைக் கண்டு வெளியிட்டார். அஃது அற்பமானதன்று, வானத்துப் பூரண சந்திரர் பத்துப்பேரை வரிசையாக நிறுத்தினாலும் ஏறத்தாழ அவ்வளவையும் விழுங்கவல்லது.

வியப்பு யாதெனில், புள்ளி மறைந்தவிடத்து நாம் காண்பது துளையுமன்று, இருளுமன்று; வெள்ளைத் தாளே. புள்ளியினூடே ஒரு கோடு வரைந்து பார்ப்பின், கோடு முறிவின்றிச் செல்வதாகவே தோன்றும். அங்ஙனமாயின் இல்லாததை இட்டு நிரப்புவது எது?

இவ்வினாவை ஆராய்ந்தோருள் ஒருவர், நம் புளியந்தோப்பிற்கு அணித்தேயுள்ள ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன். அங்கு மாணவராயிருந்த நாளிலேயே இருகண் பார்வையைக் குறித்து 'நேச்சர்' சஞ்சிகைக்குக் கட்டுரை விடுத்து, அஃது அச்சேறவும் கண்டவர். 1991-ல் அவரும் ரிச்சர்டு கிரிகரியும், மினுமினுக்கும் திரையில் ஒரு சாம்பல்நிறச் சதுரத்தை அமைத்து, அதற்குச் சற்று விலகிய புள்ளியொன்றை உற்று நோக்கச் செய்தனர். சில விநாடிகளில் சதுரம் மறைந்து, அவ்விடமும் மினுமினுத்தது. பின்பு திரை முழுவதையும் சாம்பல்நிறமாக்கியபோதோ, வெறுமையான அவ்விடத்தில் மினுமினுப்புச் சிறிதுநேரம் நிலைத்து நின்றது! ஆகவே மூளை குறையை வாளா புறக்கணிப்பதன்று. தானே முயன்று நிரப்புகின்றது என்பது அவர்கள் துணிபு.

இது வேடிக்கையளவில் ஒழியுமாயின் இங்கு எழுதவேண்டுவதில்லை. கிளாக்கோமா என்னும் நோயிற் பார்வை நரம்பு சிறிது சிறிதாக அழிய, பெரும்பாலும் ஓரப்பார்வையே முதலிற் குன்றும். நோவில்லை, கருந்திரை விழுவதுமில்லை. மூளை இட்டு நிரப்புகின்றது. ஒரு கண்ணின் குறையை மற்றொன்றும் மறைக்கின்றது. புளியந்தோப்பு நெடுஞ்சாலையிற் பக்கவாட்டில் வரும் மீன்பாடி வண்டியில் இரண்டொருமுறை மோதிக்கொண்டவர், வண்டிக்காரனை வைவாரேயன்றித் தம் கண்ணை ஐயுறார். அழிந்த நரம்போ மீளாது. எஞ்சியதைக் காக்கவே மருந்து உண்டு.

எனவே நாற்பது வயது கடந்த பெற்றோரை, சிறப்பாகக் குடும்பத்தில் இந்நோய் உண்டெனின், கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்க. 1819-ல் தோன்றிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை நமக்குத் தூரமன்று. கண்ணழுத்தத்தை அளந்து நரம்பையும் பார்ப்பர். பின்பு ஒரு கண்ணை மூடி, நடுப்புள்ளியையே நோக்கச் செய்து, அங்குமிங்கும் சிற்றொளி தோன்றுந்தோறும் பொத்தானை அழுத்தச் சொல்வர். நோயாளி அழுத்தத் தவறிய இடங்களே மருத்துவர் தேடுவன.