சிரித்த முகத்து அண்ணாச்சி



சென்னையில் எந்தத் தெருவில் நின்று விசாரித்தாலும் மளிகைக் கடைக்கு இன்னொரு பெயர் உண்டு. அது "அண்ணாச்சி கடை". நெல்லை, தூத்துக்குடி, குமரி, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கையில் ஒரு மஞ்சள் பையோடு ரயிலேறிப் போன பிள்ளைகள், கடைப் பையனாகப் பொட்டலம் மடித்து, இரவில் சாக்கு மூட்டைக்கு நடுவே படுத்து, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சொந்தக் கடை வைத்துச் சம்பாதித்துக் கொடுத்த பெயர் அது. அந்தப் பெயரோடு நாடாளுமன்றம் வரை போனவர் ஒருவர் உண்டு. வசந்த் அண்ட் கோ நிறுவனர் எச். வசந்தகுமார்தான் அவர்.

2020 ஆகஸ்ட் 28 அன்று சென்னையில் தமது எழுபதாவது வயதில் அன்னார் இயற்கை எய்தினார். அவர் விற்றது மளிகை அல்ல. நம் ஊர்க்காரரும் அல்ல. என்றாலும் மளிகைக்காரரான நாம் நினைத்துப் பார்க்க வேண்டிய வாழ்க்கை அவருடையது. அவர் எத்தனை கோடி சேர்த்தார் என்பதை விட, எப்படிப் பழகினார், குடும்பத்தை எப்படித் தொழிலோடு சேர்த்துக் கொண்டார் என்பதுதான் நமக்கு வேண்டிய சேதி.

அகத்தீஸ்வரத்துப் பிள்ளை

குமரி மாவட்டம் அகத்தீஸ்வரத்தில் 1950 ஏப்ரல் 14 அன்று, சித்திரை பிறக்கும் நேரத்தில் பிறந்தவர் வசந்தகுமார். மூத்த சகோதரர் இலக்கியச் செல்வர் குமரி அனந்தன். மேடையில் தமிழாலும் நாடு முழுக்க நடந்த நடைப் பயணங்களாலும் பெயர் பெற்றவர். அண்ணன் பேச்சால் மக்களைச் சேர்த்தார், தம்பி வியாபாரத்தால் சேர்த்தார்.

எழுபதுகளில் சென்னைக்கு வந்த வசந்தகுமார் வி.ஜி.பி. நிறுவனத்தில் விற்பனையாளராகச் சேர்ந்தார். அதுவும் குமரி மாவட்டத்துச் சகோதரர்கள் உண்டாக்கிய நிறுவனம்தான். மொத்தமாகப் பணம் புரட்ட முடியாத குடும்பங்களுக்கும் வீட்டுச் சாமான்களைத் தவணை முறையில் கொடுத்துப் பெயர் வாங்கிய இடம். வாடிக்கையாளரைப் பேசி உட்கார வைப்பதும், ஆளைப் பார்த்து நாணயத்தை எடை போடுவதும் அங்கே அன்றாட வேலை. விற்பனைத் தொழிலுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது? சம்பளத்துக்கு நின்ற காலத்திலேயே முதலாளியின் கண்ணோடு தொழிலைப் பார்ப்பவன்தான் பின்னால் முதலாளியாகிறான்.

1978-ல் தியாகராய நகரில் சொந்தமாகத் தொடங்கியதுதான் வசந்த் அண்ட் கோ.

காலம் பார்த்து வைத்த கடை

தொடங்கிய காலத்தைக் கவனியுங்கள். சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் வந்தது 1975-ல். அப்போது தெருவுக்கு ஒரு வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தாலே பெரிய காரியம். 1982-ல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது வண்ணத்தில் ஒளிபரப்பு வந்தது. அதன் பிறகு கிராமம் வரை ஆசை பரவியது. மிக்சி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று ஒவ்வொன்றாக நடுத்தரக் குடும்பத்து வாசலைத் தாண்டி உள்ளே வந்தன. அந்த அலை எழும்பும் முன்பே கடை திறந்து காத்திருந்தவர் அவர்.

சரக்கு நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அது எப்போது தேவைப்படும் என்பதை முன்கூட்டியே உணர வேண்டும். ஆடிப் பெருக்குக்குப் பட்டாசுத் தொழிலில் சுறுசுறுப்பு கூடும் என்று நமக்குத் தெரியும். அதற்கேற்பத்தான் நாம் அரிசி, பருப்பு, எண்ணெய் கொள்முதல் செய்கிறோம். அதே கணக்கைப் பெரிய அளவில் போட்டார் அவர். அவர் மறைந்தபோது தொண்ணூறு கிளைகள் என்ற அளவுக்குக் கடை வளர்ந்திருந்தது.

முதலாளியே விளம்பரம்

விளம்பரத்துக்குச் சினிமா நடிகரைத் தேடிப் போவது வழக்கம். வசந்தகுமார் தாமே வந்து நின்றார். கரம் குவித்த வணக்கம், வாய் நிறையச் சிரிப்பு, இவ்வளவுதான் முதலீடு. இன்றைக்கு நகைக்கடை, துணிக்கடை முதலாளிகள் விளம்பரத்தில் தாங்களே தோன்றுவது சாதாரணமாகிவிட்டது. அப்படி முன்னால் வந்து நின்றவர்களில் அவர் முக்கியமானவர்.

அதிலே ஒரு வியாபார நுட்பம் இருக்கிறது. நடிகர் சொன்னால் சரக்கு நினைவிருக்கும். முதலாளி சொன்னால் பொறுப்பு யாருடையது என்பது தெரிந்துவிடும். "பெட்டி ரிப்பேர் என்றால் இந்த ஆளிடம் போய்க் கேட்கலாம்" என்ற தைரியம் வாங்குகிறவருக்கு வரும். முகத்தைக் காட்டி விற்பவன் முகத்தை மறைத்துக் கொள்ள முடியாது. அதனால்தான் அந்தச் சிரிப்பை ஒரு வாக்குறுதி என்கிறேன்.

நம் மளிகைக் கடையில் இதற்குச் செலவே இல்லை. கல்லாவில் நாம் உட்கார்ந்திருப்பதே விளம்பரம். வருகிறவரைப் பெயர் சொல்லி, "என்னம்மா, மகள் பரீட்சை எழுதியாச்சா?" என்று கேட்கிற கடைக்கும், வாய் திறக்காமல் பொருளைத் தூக்கிப் போடுகிற கடைக்கும் விலை ஒன்றாகவே இருக்கலாம். கூட்டம் எங்கே நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தவணையும் நம்முடைய கடன் நோட்டும்

தவணை வியாபாரத்தை வெளியிலிருந்து பார்த்தால் சுலபமாகத் தெரியும். உள்ளே இருப்பவருக்குத்தான் அதன் சூடு தெரியும். ஒரு பேச்சுக்கு, இருபதாயிரம் ரூபாய்ப் பெட்டிக்கு ஐயாயிரம் முன்பணம், மீதியை மாதம் ஆயிரத்து ஐந்நூறாகப் பத்து மாதம் என்று வையுங்கள். பெட்டி முதல் நாளே வீட்டுக்குப் போய்விடும். பணம் பத்து மாதம் கழித்துத்தான் முழுசாக வரும். சரக்கு கொடுத்த கம்பெனிக்கோ அதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும். இந்த இடைவெளியைத் தாங்குவது கடைக்காரரின் நாணயமும் வசூல் திறமையும்தான். பிற்காலத்தில் நிதி நிறுவனங்கள் நடுவே வந்து கடைக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு வசூலைத் தாங்கள் எடுத்துக் கொண்டன. அதற்கு முன் இந்தத் தொழிலில் நின்றவர்கள் மனிதரை நம்பித்தான் நின்றார்கள்.

நமக்கு இது புதிதா? வெம்பக்கோட்டை, தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிற தொழிலாளிக்குச் சனிக்கிழமை சம்பளம். திங்கள் முதல் வெள்ளி வரை நம் நோட்டில் எழுதித்தான் அடுப்பு எரியும். சுவரிலே "கடன் அன்பை முறிக்கும்" என்று எழுதி வைத்திருக்கிறோம். அதற்குக் கீழேயே கடன் நோட்டும் தொங்குகிறது. இரண்டும் உண்மைதான்.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் சேர்ந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை போட்ட பிறகு சிவகாசிப் பகுதி ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அந்த நாளில் இப்பகுதி மக்களுக்கு அரிசி கொடுத்தது எந்த வங்கியும் அல்ல, மளிகைக் கடை. ஒரு வெடி விபத்து நடந்தால் நம் நோட்டில் ஒரு பெயருக்கு நேரே வரவு நின்று போகிறது. அந்தப் பக்கத்தைக் கிழிப்பதா, வைத்திருப்பதா என்று யோசிக்காத கடைக்காரர் இந்த வட்டாரத்தில் உண்டா? தவணைக்காரர் கொடுத்த கடன் டி.வி.க்கு. நாம் கொடுப்பது வயிற்றுக்கு. ஆகவே நம்முடைய பொறுப்பு இன்னும் கனமானது.

கட்சி வேறு, உறவு வேறு

வசந்தகுமார் காங்கிரஸ்காரர். தமிழ்நாடு காங்கிரசின் செயல் தலைவராக இருந்தவர். அண்ணன் குமரி அனந்தனும் அந்தக் கட்சியில் தலைவராக விளங்கியவர். அண்ணன் மகள் டாக்டர் தமிழிசை சௌந்தரராஜனோ பாரதிய ஜனதாவின் மாநிலத் தலைவராகி, 2019-ல் தெலங்கானா ஆளுநரானவர். ஒரே குடும்பத்தில் இரண்டு எதிர்க் கட்சிகள்! 2014-லும் 2019-லும் கன்னியாகுமரித் தொகுதியில் சித்தப்பா போட்டியிட்டது அண்ணன் மகளின் கட்சி வேட்பாளரை எதிர்த்துத்தான். ஆனாலும் சித்தப்பா என்ற உறவு சித்தப்பாவாகவே இருந்தது.

வியாபாரிக்கு இது பெரிய பாடம். நம் கடைக்கு எல்லாக் கட்சிக்காரரும், எல்லாச் சாதிக்காரரும், எல்லாக் கோயில்காரரும் வருகிறார்கள். கொள்கை நெஞ்சில் இருக்கட்டும், தராசுக்கு அது தெரிய வேண்டாம். அன்னார் மறைந்தபோது பிரதமர் முதல் எதிர்க் கட்சித் தலைவர்கள் வரை இரங்கல் தெரிவித்தார்கள். முகம் கொடுத்துப் பழகிய மனிதருக்குக் கிடைத்த மரியாதை அது.

தோல்வியிலும் அவர் துவளவில்லை. 2006-ல் நாங்குநேரியில் சட்டமன்றத்துக்கு வென்றார். 2011-ல் தோற்றார். 2014-ல் காங்கிரஸ் தனியே நின்ற தேர்தலில் கன்னியாகுமரியில் இரண்டாம் இடம். 2016-ல் மீண்டும் நாங்குநேரி. 2019-ல் கன்னியாகுமரியில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வெற்றி. முன்பு நாகர்கோவில் தொகுதி என்று பெயர் பெற்றிருந்த அதே இடத்தில்தான் 1969-ல் நம் விருதுநகர் தந்த காமராசர் வென்றார். அவரும் சிறுவயதில் மாமாவின் துணிக்கடையில் நின்றவர்தானே! 1977-ல் குமரி அனந்தன் வென்றதும் அங்கேதான்.

2019 தேர்தலில் வசந்தகுமார் தம் சொத்துக் கணக்காக 417 கோடி ரூபாயைக் காட்டினார். எல்லாரும் பார்க்கும்படி கணக்கைச் சொல்வதும் வியாபாரிக்கு ஒரு அழகு.

அந்தக் கொடிய ஆண்டு

2020-ஐ வணிகர் யாரும் மறக்க முடியாது. ஊரடங்கிலும் மளிகைக் கடை திறந்திருந்தது. உலகமே வீட்டுக்குள் இருந்தபோது நாம் கல்லாவில் இருந்தோம். ஜூன் மாதத்தில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனுமான இரு வணிகர்கள், கடை மூடும் நேரத்தை ஒட்டிய பிரச்சினையில் கைதாகிக் காவல் கொடுமையால் உயிரிழந்தார்கள். வணிகர் சங்கங்கள் கடை அடைத்து நீதி கேட்ட துயரம் அது.

அந்த நாட்களில் தொகுதி மக்களுக்கு நிவாரணம் கொடுக்கும் பணியில் இருந்த வசந்தகுமாருக்கும் தொற்று வந்தது. ஆகஸ்ட் 10 அன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பதினெட்டு நாட்கள் போராடியும் திரும்பவில்லை. அகத்தீஸ்வரத்து மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார். கூட்டத்தை விரும்பிய மனிதர் கூட்டம் கூடக் கூடாத காலத்தில் போனதுதான் மனதை அறுக்கிறது. மூத்தவரான குமரி அனந்தன் தம்பியைப் பறிகொடுத்து, பின் 2025 ஏப்ரலில் தாமும் மறைந்தார்.

பின்னால் நிற்பது என்ன?

அவர் போனபின் கடைகள் மூடவில்லை. மகன் விஜய் வசந்த் சினிமாவில் நடித்துக் கொண்டே தந்தையின் தொழிலிலும் பங்கெடுத்து வந்தவர். 2021 இடைத்தேர்தலில் தந்தையின் தொகுதியில் வென்றார். 2024-லும் வென்றார். தகப்பன் உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளைத் தொழிலுக்குள் விட்டதால்தான் கல்லா நிற்காமல் ஓடியது.

இங்கே ஒரு கேள்வி எழும். "பெரிய கடை பெருகினால் சின்னக் கடை சாகாதா? அப்படிப்பட்டவரையா புகழ்வது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தொடர் கடைகள் வந்த ஊர்களில் ஒற்றைக் கடைக்காரர்கள் நொடிந்ததை நாம் பார்த்திருக்கிறோம். மளிகையிலும் அது வந்துவிட்டது. ஆனால் அவருடைய கிளைகளின் எண்ணிக்கையை நம்மால் எட்ட முடியாவிட்டாலும் அவருடைய முகத்தை எட்டலாம். பெரிய கடையில் சம்பளத்துக்கு நிற்கும் பிள்ளைக்கு வாடிக்கையாளர் வீட்டுக் கஷ்டம் தெரியாது. நமக்குத் தெரியும். சனிக்கிழமை வரை பொறுக்கும் ஏற்பாடும் நம்மிடம்தான் இருக்கிறது. தொடர் கடைக்குக் கிடைக்காத முதலீடு அதுவே.

எனவே மூன்று காரியங்களை நம் உறுப்பினர்கள் உடனே செய்யலாம்.

ஒன்று, பற்று வரவு நம் தலைக்குள் மட்டும் இருக்கக் கூடாது. யாருக்கு நாம் தர வேண்டும், யார் நமக்குத் தர வேண்டும் என்பதை மனைவியோ மகனோ மகளோ வாரம் ஒரு முறை பார்க்கட்டும். திடீரென்று ஒருவர் போய்விட்டால், நோட்டைப் படிக்கத் தெரியாமல் தவிக்கும் குடும்பங்கள் எத்தனை!

இரண்டு, வங்கிக் கணக்குக்கும் காப்பீட்டுக்கும் வாரிசு நியமனம் எழுதி வையுங்கள். கடை வாடகை ஒப்பந்தத்தின் நகல் வீட்டிலும் இருக்கட்டும். "பிறகு பார்க்கலாம்" என்று சொல்லிப் போனவர்களில் பலருக்கு அந்தப் பிறகு வரவில்லை.

மூன்று, வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிட வாரத்தில் ஒரு வேளையாவது ஒதுக்குங்கள். காலை ஐந்து மணிக்குத் திறந்து இரவு பதினொன்றுக்கு மூடுகிற நாம், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்துச் சிரிக்கிறோம். சொந்தப் பிள்ளைக்கு நம் முதுகுதான் தெரிகிறது. கடையில் கொடுக்கும் சிரிப்பில் பாதியையாவது வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும்.

வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டை அகழாய்வு 2022-ல் தொடங்கியது. சங்கு வளையல்களும் மணிகளும் கிடைத்தன. கடற்கரைச் சங்கு இங்கே வந்திருக்கிறது என்றால் எந்தக் காலத்திலோ ஒருவர் அதைச் சுமந்து வந்து விற்றிருக்கிறார். அவர் பெயர் நமக்குத் தெரியாது. வியாபாரிகளில் பெரும்பாலோர் கதை அப்படித்தான். பெயர் நிற்கிறதோ இல்லையோ, நாம் இருக்கும் நாளில் நம் கடைவாசலுக்கு வருகிறவர் முகம் மலர்ந்து திரும்ப வேண்டும். அந்த வித்தையில் வசந்தகுமார் அண்ணாச்சி கெட்டிக்காரர். அவருடைய நினைவு வணிக உலகில் நிலைக்கட்டும்!